எந்த ஏரியா வண்டி?

எங்கள் வீடு, அடிக்கடி வெள்ளம் சூழும் முடிச்சூரில். மழை வலுக்கத் தொடங்கினாலே காரைக் கொண்டுபோய்ப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தே வீடு திரும்புவேன். அதனால் என் காருக்குள் ஒரு சொட்டு வெள்ளம் போனதில்லை.

அதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிய பழைய காராக எடுக்கலாம் என்று தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன். மதிப்பு போட வந்தவர் இன்ஜின், டயர் எல்லாம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஆர்.சி.யில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"முடிச்சூரா சார்? அப்ப ரேட்டு கம்மிதான்."

மேம்பாலத்தில் நிறுத்துவதைச் சொன்னேன்.

"எல்லாரும் அதையேதான் சார் சொல்றாங்க."

"கார்ப்பெட்டத் தூக்கி மோந்து பாருங்களேன்!" என்று கத்தினேன். பார்த்தார். சேற்று வாடை இல்லை.

"வண்டி நல்லாதான் இருக்கு சார். ஆனா வாங்க வர்றவங்க அட்ரஸத்தானே பாப்பாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை விட்டுவிட்டு முகவரிக்கா விலை போடுவார்கள்? பொருமிக்கொண்டே பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரில் ஏறி உட்கார்ந்தேன். பிடித்திருந்தது. விலையும் கட்டுப்படியானது.

"இது எந்த ஏரியா வண்டி?" என்று கேட்டேன்.

"வரதராஜபுரம் சார். தண்ணியே பட்டதில்ல."

எங்களுக்குப் பக்கத்து ஊர்; அங்கேயும் வெள்ளம் புகும். குனிந்து கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தேன். வாடை இல்லை. இருந்தும் கதவைச் சாத்திவிட்டு, "வேற வண்டி காட்டுங்க" என்றேன்.

அவர் என் ஆர்.சி.யை இன்னொரு தடவை பார்த்தார். அதற்குமேல் பேரம் பேசாமல் என் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியில் அந்த மேம்பாலம் வந்தது. போன மழையில் வெள்ளைக் காரும் இங்கேதான் நின்றிருக்கும். அதன் சொந்தக்காரர் எனக்கு முன்னால் தண்ணீரில் நடந்து போயிருப்பார்.