வாழைத்தண்டும் மச்சானும்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடு அவளுடையது. அதனால் அங்கே எதற்கும் தீர்ப்புச் சொல்கிறவர் அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான். ஆட்டுக்குக் கழிச்சல் என்றாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் என் சிறுநீரகக் கல்லுக்கும் அவரே அதிகாரியானார்.

கல் குத்தத் தொடங்கியதும் நான் தரையில் கிடந்து புரண்டேன். மச்சான் அவசரமே இல்லாமல் வாழைத்தண்டை இடித்துச் சாறு பருக்கினார். அவ்வளவும் வாந்தியாகப் போனது. அதற்குப் பிறகுதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்த இளவயது டொக்டர் பிள்ளை சொன்னாள்: “சத்தி எடுக்கிறதால குளிசை விழுங்கினாலும் வயித்துல நிக்காது ஐயா. பின்பக்கத்தால மருந்து வைப்பம். நோ குறையும்.”

மச்சான் முகத்தைச் சுளித்தார். “அந்தக் கூத்தெல்லாம் எங்கட குடும்பத்துக்குச் சரிவராது. சேலைன ஏத்துங்க.”

“சேலைன் நோவுக்கு மருந்தில்ல.”

“அப்ப ரெண்டு சேலைன் ஏத்துங்க.”

“மச்சான், நோ உங்களுக்கா எனக்கா?” என்றேன். “எழும்பி வெளிய போங்க.” அந்த வீட்டுக்குக் குடிபோன நாள்தொட்டு அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை.

மருந்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நோ இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது. கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று டொக்டர் பிள்ளை ஸ்கேன் படத்தில் காட்டினாள்.

வீடு திரும்பினால் மச்சான் வாசல் படலையடியில் நின்று அயலாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லாம் வாழைத்தண்டுதான். கல்லு கரைஞ்சிட்டு.”

நான் திருத்தப் போகவில்லை. அவருக்கும் ஒருநாள் கல் குத்தட்டும். தண்டை நானே இடித்துக் கொடுக்கிறேன்.