கானாடுகாத்தான் காவல் ஆச்சி

வள்ளியம்மை அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது, நெற்குப்பையில் ஒரு வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்புக் கலவை பூசிக்கொண்டிருந்தேன். கரணையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அழும்போதே சிரிப்பும் வந்தது. ஏனென்று அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பழைய வீடுகளின் வெளிச்சுவர்களைச் சீர்செய்யும் பொறியாளர் அவர். நான் அவருடைய தொழில் கூட்டாளி. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. முகப்பின் உச்சியில் ஒரு சுதைச் சிற்பம். அந்தக் குடும்பம் அதைக் 'காவல் ஆச்சி' என்று சொல்லி, பொங்கலுக்குப் பொங்கல் ஏணி வைத்து ஏறிப் பொட்டு வைக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் முகப்பு முழுக்கப் பெயிண்டும் அடிக்கும். அந்தப் பெயிண்ட்தான் வினை. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளேயே ஊறி, முகப்பு விழுகிற நிலைக்கு வந்திருந்தது. முழுக்கச் சுரண்ட வேண்டும் என்றார் அக்கா. மகள் கல்யாணத்தைக் கையில் வைத்திருந்த வீட்டுக்காரர், இன்னொரு கோட் அடித்தால் போதும் என்று பிடிவாதமாக நின்றார். கெஞ்சிக் கூத்தாடி, ஆச்சியின் முகத்தை மட்டும் சுரண்டிக் காட்ட அனுமதி வாங்கினோம்.

பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்தது. மூக்குக்குக் கீழே பார்த்தால் மீசை! அதுவும் சும்மா மீசையா, முறுக்கு மீசை! கொண்டை என்று நினைத்தது தொப்பி. ஆச்சி ஒரு சிப்பாய்!

சாரத்தில் இருந்த கலவைச் சட்டியை இழுத்தேன். வேலை போச்சு, வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் பூசி மறைத்துவிடலாம் என்றேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. கீழே எட்டிப் பார்த்து, "அண்ணே, மேல ஏறி வாங்க. நீங்களே பாருங்க" என்று குரல் கொடுத்தார்.

ஏறி வந்தவருக்கு முகம் செத்துவிட்டது. "எங்க ஆச்சிய என்ன பண்ணுனீக?"

"நாங்க ஒண்ணும் பண்ணல அண்ணே. பெயிண்ட அடிச்சு அடிச்சு நீங்கதான் மீசைய மூடிட்டீக. இத்தன வருசமாப் பொட்டு வச்சீகளே, அவுக வேணாம்னா சொன்னாக?"

மனிதர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சாரமே ஆடும்படி சிரித்தார். முழு முகப்பையும் சுரண்டச் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று சிப்பாய் மீசையோடும் பொட்டோடும் நின்றார்.

"சுவத்துல எது இருந்தாலும் வீட்டுக்காரவுகதான் மொதல்ல பாக்கணும்" என்பார் அக்கா. அவர் போன மறுவாரம், பள்ளத்தூரில் நாங்கள் புதிதாகப் பூசிய சுவரிலேயே விரிசல். கலவை கையில் இருந்தது. ஒரு தேய்ப்பில் மறைந்துவிடும். வாசலில் நின்ற வீட்டுக்காரரை மேலே ஏறி வரச் சொன்னேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். கலவையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.