அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு டெய்சி இருந்தது

போன வருடம், மழை விட்டிருந்த சமயம். கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன ஒரு மாமியாருக்கு நடைப் பயிற்சி கொடுக்க ஏஜென்சியில் என்னை அனுப்பியிருந்தார்கள். நான் பிசியோதெரபிஸ்ட்.

கதவைத் திறந்த மருமகள் பெயர் கேட்டாள். "டெய்சி" என்றேன். உள்ளேயிருந்து ஒரு வெள்ளை நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, எங்க டெய்சியும் வந்துட்டா பாருங்க!" நானும் சிரித்துத் தொலைத்தேன். அவள் அதோடு விடவில்லை. "நாய் கன்ஃப்யூஸ் ஆயிடும். உங்கள ஜோதின்னு கூப்பிடறோமே, தப்பா எடுத்துக்காதீங்க."

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார்கள். சரி, தினம் ஒரு மணி நேரம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் பெயர் சும்மா வந்ததில்லை. அம்மா மீன் விற்கிறவள். நான் பிறக்கும்போது கொடி சுற்றி, இரண்டு உயிரும் போகப் பார்த்ததாம். சாந்தோம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் விடிய விடியக் கூடவே நின்று காப்பாற்றிய நர்ஸின் பெயர் டெய்சி. "அந்தம்மா பேரையே வெச்சிடு" என்று சொல்லிவிட்டு அப்பா கடலுக்குப் போனார். அது காலையில் விரியும் ஒரு பூவின் பெயர், பழைய இங்கிலீஷில் 'பகலின் கண்' என்று அர்த்தம் என்பதெல்லாம் காலேஜில்தான் தெரிந்தது. எங்கள் குப்பத்தில் தெருவுக்குத் தெரு டெய்சி, ரோசி, ஸ்டெல்லா. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அதே பெயரெல்லாம் நாய்க்கு!

ஒரு நாள் சாயங்காலம் அடையாறு பஸ் ஸ்டாப்பில் யாரோ யாரையோ "ஜோதி!" என்று கூப்பிட்டார்கள். நான் சட்டென்று திரும்பிவிட்டேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொட்டினேன்.

"இன்னாடி சொல்றே? அந்த நாய்க்கு ஜோதின்னு வெச்சிக்கினு போவட்டுமே!" என்று கத்தினாள்.

மறுநாள் அதையே மருமகளிடம் கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஜோதிங்கறது சாமி முன்னாடி ஏத்தறதுங்க. அதப் போய் நாய்க்கு வைப்பாங்களா?"

"அப்போ எங்க பேர மட்டும் வைக்கலாமா? இனிமே ஜோதின்னு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஆளை மாற்றவில்லை. மாமியார் அப்போதுதான் அடியெடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார், மாற்றினால் அவர்களுக்குத்தான் கஷ்டம். ஆனால் அன்றிலிருந்து மருமகளுக்கு நான் "ஏங்க", "இந்தாங்க" ஆகிவிட்டேன். மறந்தும் டெய்சி என்று சொல்லவில்லை.

பிறகொரு நாள், வாக்கர் இல்லாமல் நடக்கப் பழகும்போது மாமியாருக்குக் கால் இடறியது. "டெய்சி!" என்று அலறினார். பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விழுந்திருந்தால் மறுபடி ஆபரேஷன்தான். என் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கியவர், இன்னொரு தரம் மெதுவாக, "டெய்சிம்மா, விட்றாத" என்றார். சோபா பக்கத்தில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. அதற்கு ஒரு குழப்பமும் இல்லை.

மருமகள் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசி நாள் வரை அவள் வாயிலிருந்து மட்டும் என் பெயர் வரவே இல்லை. அந்த நாய் மேல் எனக்கு என்றைக்கும் கோபமில்லை. ஆனால் பஸ் அந்தத் தெருவைத் தாண்டும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது, புது வீட்டில் யாராவது பெயர் கேட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்கிறேன்.