படிவத்திலிருந்து எடுத்த கட்டம்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வடக்கே ஒரு ஆஸ்பத்திரி. அதன் பிரசவ வார்டில் இருபத்தெட்டு வருஷமாக நர்ஸாக இருந்தவள் வெர்லீன் டிப்ஸ். கறுப்பினத்தவள். முழங்கால் இரண்டும் தேய்ந்து, படியேறுவதென்றாலே அலுத்துக்கொள்வாள்.

பிள்ளை பெற்றவளுக்கு வரும் தலைவலி, ரத்த அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து என்பதன் அறிகுறியாக இருக்கலாம். கறுப்புப் பெண்கள் தலைவலி என்றால் டாக்டர் வந்து பார்க்க நேரமாகிறது என்று அவள் வெகுகாலம் சொல்லிப் பார்த்தாள். உனக்கு அப்படித் தோன்றுகிறது என்றார்கள். போராடி, டாக்டரைக் கூப்பிட்ட நேரமும் அவர் வந்த நேரமும் குறிக்கிற நோயாளிப் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் சேர்க்க வைத்தாள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வெள்ளைக்காரப் பெண்களைப்போல இரண்டு மடங்கு நேரம் கறுப்புப் பெண்கள் காத்திருந்தது தெரிந்தது. அப்புறம் உனக்குத் தோன்றுகிறது என்று யாரும் சொல்லவில்லை. காத்திருப்பும் மெல்லக் குறைந்தது.

ஒன்பது வருஷம் போனது. தலைமை மருத்துவராக டேரல் ஹிக்ஸ் வந்தார். அவரும் கறுப்பர்தான். வந்த மாதமே அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். வெர்லீன் அவர் அறைக்குப் போய் ஏன் என்று கேட்டாள்.

"மிஸ் வெர்லீன், படிக்கிற காலத்துலேருந்து நான் எல்லாருக்கும் கறுப்பு டாக்டர்தான். வெறும் டாக்டர்னு ஒருத்தன் சொன்னதில்ல. நாமளே நோயாளியோட இனத்தை எழுதி வெச்சுக்கிட்டிருந்தா இது எப்ப தீரும், சொல்லுங்க?"

அவர் மனசிலிருந்துதான் பேசினார். அதுதான் அவளை இன்னும் சோர வைத்தது. நிர்வாகக் குழுவில் அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். பேசினாள். நன்றி சொன்னார்கள். கட்டம் போய்விட்டது.

அந்த அக்டோபரில் ஜனெல் பர்டி என்ற கறுப்புப் பெண், பிள்ளை பெற்ற இரண்டாம் நாள், தலை பிளக்கிறது என்று காலையிலிருந்து மூன்று தரம் சொல்லியிருந்தாள். தூக்கமில்லாததால் வருவது என்று காலை வேலையில் இருந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் வேலைக்கு வந்த வெர்லீன் ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று இருபது இருக்க வேண்டியது நூற்று எழுபத்தெட்டு. ஓடிப்போய் ஹிக்ஸைக் கையோடு கூட்டி வந்தாள். மருந்து ஏற்றி, அழுத்தம் இறங்கும்வரை அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. ஜனெல் பிழைத்தாள்.

வெளியே வந்து ஹிக்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இது யாருக்கு வேணும்னாலும் நடந்திருக்கும், மிஸ் வெர்லீன்."

"நடந்திருக்கலாம், டாக்டர். அந்தக் கட்டம் இல்லாம இனிமே அது உங்களுக்கும் தெரியப்போறதில்ல, எனக்கும் தெரியப்போறதில்ல."

படிவம் மாறவில்லை. அடுத்த வசந்தத்தில் ஓய்வு பெற இருந்த வெர்லீன், இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். தினமும் வேலைக்கு வந்ததும் வார்டின் பதினெட்டுக் கட்டிலுக்கும் போய், யாராக இருந்தாலும், தலை வலிக்கிறதா என்று தானே கேட்டாள். தான் இல்லாத நேரத்தில் யாராவது கேட்கிறார்களா என்பது அவளுக்குத் தெரியாது.