பாதிக் காற்றில் நின்ற அணுக்கள்

கிள்ளான் துறைமுகத்துக்கு இரும்பும் பலகையும் ஏற்றிப் போன லோரிகளில் பாதிக்குமேல் ஒரு காலத்தில் நான் கட்டிய ஸ்பிரிங்கின் மேல்தான் ஓடின. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், சொந்தப் பட்டறை வைத்து, ஏழு பேருக்கு வேலை கொடுத்தவன் வேறு எதைச் சொல்லுவான்?

என் வேலைக்கு ஒரு முறை இருந்தது. ஐந்து டன் லோரியில் எட்டு டன் ஏற்றப்போகிற முதலாளி வந்து, “அண்ணே, ஸ்பிரிங்ல ஒரு பட்டை கூடப் போடுங்க” என்பார். நான் இரண்டு எஃகுப் பட்டை போடுவேன். டயருக்குக் காற்றடித்தால் கல் மாதிரி இருக்கும்வரை அடிப்பேன். என் கையிலிருந்து போன சாமான் எந்தப் பாரத்துக்கும் அமுங்கியதில்லை. ‘அமுங்காத பட்டறை’ என்றே லோரிக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேரே ஒருநாள் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம். பட்டறை வாசலில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண்மணி இறங்கினார். வயது நாற்பதுக்குள் இருக்கும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் சொன்னது, தாம் ஒரு டாக்டர் என்பதுதான். எனக்கு அப்போது முட்டியில் வலி. நாற்காலி போட்டு, கால்சட்டையைச் சுருட்டி முட்டியைக் காட்டினேன்.

“ஐயோ அங்கிள், நான் அந்த டாக்டர் இல்ல. யூனிவர்சிட்டில பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறேன்” என்று சிரித்தார்.

“அப்ப முட்டி வலிக்கு ஒண்ணும் கெடையாதா?”

“முட்டிக்கு இல்ல. என் மெஷினுக்குத்தான் நீங்க வைத்தியம் பாக்கணும்.”

அவர் வெளிநாட்டில் படித்த இடத்திலிருந்து ஒரு நுண்ணோக்கி இரவலாக வந்திருந்ததாம். சாதாரண நுண்ணோக்கி இல்லை, அணுவையே காட்டுவது. தரை கொஞ்சம் அதிர்ந்தாலும் அதற்குக் கண் தெரியாது. அதிராத மேசை வெளிநாட்டில் விற்கிறார்கள், ஆனால் விலையைக் கேட்டு அவருடைய துறைத் தலைவர் கையை விரித்துவிட்டார். அங்கே சில ஆய்வுக்கூடங்களில் ரப்பர் டியூப்பின் மேல் கல்லை வைத்தே சமாளிக்கிறார்கள் என்று எதிலோ படித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் டயர் கடையில் போய் டியூப் கேட்டிருக்கிறார். கடைக்காரர் என் பேரைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். நான் அதை வாங்கிப் பார்க்கவில்லை. “படம் எல்லாம் வேணாம் டாக்டரம்மா. அதிராம நிக்கணும், அவ்வளவுதானே? முப்பது வருஷமா அதத்தான் செய்றேன்” என்றேன்.

அவர் சற்றுத் தயங்கி, “திங்கக்கெழம கமிட்டி வருது அங்கிள். அன்னைக்கு அணு தெரிஞ்சா மெஷின் இங்கயே இருக்கும். தெரியலன்னா மெஷினத் திருப்பி அனுப்பணும். என் ரூமை மறுபடி ஸ்டோர் ஆக்கிடுவாங்க” என்றார்.

அன்று செவ்வாய்.

வியாழக்கிழமை நானும் பட்டறை ஆட்கள் இருவரும் சாமான்களோடு போனோம். கூட்டரசு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது அறை. ஆயிரம் விளக்கு எரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு கணினி, சில பெட்டிகள், நடுவில் காப்பிக் குவளை அளவில் ஓர் இயந்திரம். இதுவா என்று கேட்டேன். இதுதான் என்றார்.

அவர் அதைத் தயார் செய்வதைப் பார்த்து எனக்கு இன்னும் ஏமாற்றம். முதலில் ஒரு சின்னக் கரித்துண்டு. பென்சிலுக்குள் இருக்கிற அதே சாதிக் கரி. அதன்மேல் சாதாரண ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தார். மேல் தோல் டேப்போடு வந்தது. உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அடுத்து, மயிர் போன்ற ஒரு கம்பியை எடுத்து, என் பட்டறையில் கிடக்கிற மாதிரி ஒரு வெட்டுக்குறட்டால் சாய்வாக இழுத்து வெட்டினார். அதுதான் ஊசி.

“இவ்வளவுதானா? இத நானே வெட்டுவேனே!”

“வெட்டலாம் அங்கிள். பத்து தடவ வெட்டினா ஒரு தடவ நுனியில ஒரே ஒரு அணு நிக்கும். அது போதும்.”

அந்த ஊசி கரியைத் தொடாது. தொடுவதற்கு முன்னால், அணுவைவிடக் கொஞ்சம் பெரிய இடைவெளியில் நின்றுகொள்ளும். அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு துளி மின்சாரம் போகும். கீழே மேடு வந்தால் ஊசி ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். ஏறி இறங்கினதைக் கணினி படமாகப் போடும். இருட்டில் சுவரோரம் கையைக் கொண்டுபோய் சுவிட்சைத் தேடுகிறோம் இல்லையா, அதுபோல. ஆனால் கை சுவரில் படவே கூடாது.

எவ்வளவு சின்னது என்று கேட்டேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்குப் பேர் நானோமீட்டர். அந்த ஒரு துண்டு நீளத்துக்குள் கரியின் மேடுகள் நாலு நிற்கும் என்றார். வெளிநாட்டில் இப்படிப்பட்ட ஊசியால் அணுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எழுத்தே எழுதியிருக்கிறார்களாம். எங்கள் பட்டறையில் அளவுக்கு நூல் கணக்கு, ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அரை நூல் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்வேன் என்று கிள்ளானில் பந்தயம் கட்டி ஜெயித்தவன் நான். அன்று அந்த விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வேலையை ஆரம்பித்தோம். சிமெண்டு தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியின் டியூப்புகள் நாலு, நாலு மூலைக்கு. அதன்மேல் சமையலறை மேடைக்குப் போடுகிற கிரானைட் பலகை. அதன்மேல் இயந்திரம். நான் காற்றடிக்கும்போது அவர் பக்கத்தில் குனிந்தார்.

“அங்கிள், காத்து ரொம்ப வேணாம். பாதி போதும்.”

“பாதிக் காத்துல உருப்பட்ட டயர நான் பாத்ததில்ல டாக்டரம்மா. என் சாமான் அமுங்காது லா. நீங்க ஊசியப் பாருங்க, டியூப்ப நான் பாத்துக்கறேன்.”

அவர் எழுந்து ஊசிப் பக்கம் போய்விட்டார். என் வயசுக்கு மரியாதை கொடுத்தார். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கணினித் திரையில் படம் வந்தது. படமா அது? கோடு கோடாக, மழைக்காலத்து டெலிவிஷன் மாதிரி. வெளியே நெடுஞ்சாலையில் கனரக லோரி ஒன்று போனால் திரை முழுக்கக் கிழிந்தது. தாழ்வாரத்தில் யாரோ செருப்போடு நடந்தார்கள், அதுவும் தெரிந்தது. ஒரு தடவை ஊசி போய்க் கரியிலேயே இடித்தது. அவர் கம்பியை மறுபடி வெட்டினார். மறுபடி. வெள்ளிக்கிழமையும் போனேன். டியூப்பில் இன்னும் கொஞ்சம் காற்றடித்தேன். இன்னும் மோசமானது.

“பரவால்ல அங்கிள். நீங்க உங்களால முடிஞ்சத செஞ்சிட்டீங்க” என்றார். என்னிடம் அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை என் மனைவி பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேலை எடுக்க வேண்டும் என்றாள், உறவில் ஒரு கல்யாணம். கார் பழுது. அதனால் பட்டறை லோரியிலேயே போனோம். என் சொந்த லோரி, இரண்டு பட்டை கூடப் போட்டது, காற்று கல் மாதிரி. பின்னால் ஒரு துரும்பு இல்லை. நெடுஞ்சாலையில் தார் ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்திலும் லோரி எம்பிக் குதித்தது. அவள் மடியில் வைத்திருந்த வடைப் பொட்டலம் இரண்டு தடவை கீழே விழுந்தது.

“என்னங்க இது, பல்லு கழண்டுரும் போல இருக்கு! போன மாசம் இதே லோரிலதான் மணல் ஏத்திக்கிட்டு வந்தோம். அப்ப படகு மாதிரி வந்துச்சே. தூங்கிட்டே வந்தேன்.”

“அது லோடு இருந்துச்சு. காலி லோரி குதிக்கத்தான் செய்யும்.”

சொல்லிவிட்டு நானே பிரேக் போட்டேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். ஸ்பிரிங் விறைப்பாக இருந்து பாரம் இல்லாவிட்டால், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வரும். பாரம் ஏற்றி, ஸ்பிரிங் கொஞ்சம் இளகினால் ரோடு கீழேயே நின்றுவிடும். அந்தம்மாவின் அணுக்களை நான் காலி லோரியில் ஏற்றிவிட்டு, குதிக்கிறதே குதிக்கிறதே என்று இன்னும் காற்றடித்துக்கொண்டிருந்தேன். எட்டு டன்னுக்குக் கட்டிப் பழகிய கை, குவளை அளவு இயந்திரத்துக்கும் எட்டு டன்னுக்குக் கட்டியிருக்கிறது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் மனைவி.

“சேல அடுத்த வாரம் எடுத்துக்கலாம்.”

“கல்யாணம் இந்த வாரங்க!”

அவளைப் பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வாசலில் இறக்கிவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகச் சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. நேரே கிள்ளானுக்குத் திரும்பி, கல்லறைக் கல் செதுக்குகிற சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடைக்குப் போனேன். தடிமனான கல் அங்கேதான் கிடைக்கும். மூலை உடைந்து ஒதுக்கிய இரண்டு கற்களைக் காட்டினேன்.

“சியாப்பா மாத்தி?” என்று மலாயில் விசாரித்தார். யார் செத்தது என்று கேட்கிறார்.

“யாரும் சாகல தவுக்கே. சாகாம இருக்கத்தான் வாங்குறேன்” என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கற்களை ஏற்ற ஆள் கொடுத்தார்.

ஞாயிறு காலையில் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னேன். கற்களைப் பார்த்ததும், “அங்கிள், யாரு பேரு வெட்டப் போறீங்க, என் பேரா?” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் தூக்கம் இல்லை.

நானும் பட்டறை ஆட்கள் மூவருமாக இரண்டு கற்களையும் டியூப்பின் மேல் அடுக்கி, அதன்மேல் இயந்திரத்தை வைத்தோம். பிறகு நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, நன்றாக இருக்கிற டியூப்பிலிருந்து வேண்டுமென்றே காற்றை இறக்கினேன். உஸ்ஸென்று அது போகும்போது, என் பட்டறைப் பேரும் கூடப் போகிற மாதிரிதான் இருந்தது. கல் மெல்ல இறங்கி, தளதளவென்று ஆடி, நின்றது. விரலால் தள்ளினால் தொட்டில் மாதிரி நிதானமாகப் போய் வந்தது. என் ஆள் ஒருவன், “அண்ணே, அமுங்கிடுச்சு” என்றான். “அமுங்கட்டும்டா, வாய மூடு” என்றேன்.

டாக்டரம்மா கரியை உரித்தார். கம்பியை வெட்டினார். முதல் கம்பி சரியில்லை. இரண்டாவதும் இல்லை. ஐந்தாவது கம்பியில் திரையில் ஒரு வரி வந்தது, அதன்கீழ் இன்னொரு வரி. மழைக்கோடு இல்லை. மேடு மேடாக, வரிசை வரிசையாக, முட்டைத் தட்டை மேலிருந்து பார்த்த மாதிரி. முழுப் படமும் வந்து நின்றது.

“இதுதானா?” என்றேன்.

“இதுதான் அங்கிள்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். செவ்வாயிலிருந்து நெஞ்சில் ஒரு கல் இருந்தது என்பதே அது இறங்கின பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. டியூப்புக்கு ஏதாவது ஆனால் ஆள் வேண்டாமா? கதவோரம் நின்றேன். கமிட்டியில் நாலு பேர். அதில் வயதில் மூத்த, நல்ல உடம்புள்ள பேராசிரியர் ஒருவர், திரையைப் பார்த்தார், கீழே கற்களைப் பார்த்தார், டியூப்பைப் பார்த்தார். சட்டென்று சப்பாத்துக் காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். எனக்கு உயிர் போய் வந்தது. படத்தின் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

அதே நேரம் வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லோரி உறுமிக்கொண்டு போனது. சத்தத்திலேயே தெரியும் எனக்கு: அளவுக்கு மீறிய பாரம், கூடுதலாய்ப் போட்ட பட்டை. என் பட்டறை லோரியாகக்கூட இருக்கலாம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. படம் அசையவில்லை.

“போலே தாஹான்” என்றார் அந்தப் பேராசிரியர். பரவாயில்லையே என்று அர்த்தம். பிறகு ஆங்கிலத்தில் மற்றவர்களோடு ஏதோ பேசினார். எனக்குப் புரிந்தது டாக்டரம்மாவின் முகம்தான். அவர் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், இடுப்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இயந்திரம் அங்கேயே இருக்கும். அறையும் அவருடையதுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப கண்டுபிடிச்சது நான்” என்றாள்.

“நீ குதிக்குதுன்னு சொன்ன. கண்டுபிடிச்சது நான்.”

“வட விழுந்தது யாரு மடியில இருந்து?”

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் எழுதுகிறவன் நான், அதனால் இப்படியே எழுதி வைக்கிறேன்.

அன்று கமிட்டி முடிந்து அறையைவிட்டுக் கிளம்பினபோதும் காலி லோரிதான். ஒவ்வொரு ஒட்டிலும் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கிள்ளான்வரை சிரித்துக்கொண்டே ஓட்டிவந்தேன்.