உள்ளே இல்லாத சில்லு

கையில் கண்ணாடி கீறினால் மாமா கட்டுப் போட மாட்டார். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முடியும்போது ரத்தம் நின்றிருக்கும். அம்மாவின் தம்பி அவர். கண்ணாடி அறுத்து விற்கும் கடை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

இந்த முறை பேச்சு முடிந்தது, ரத்தம் நிற்கவில்லை. உள்ளே சில்லு தங்கிவிட்டது என்றார்கள் கடையில். அந்தத் தொழிலில் வேறெதுவும் தோன்றாது. கூட வேலை செய்பவர் ஊசியால் கிளறித் தேடினார். ரத்தம்தான் கூடியது. சில நாட்களாகவே மாமாவுக்கு ஓயாத களைப்பு, ஈறில் கசிவு, தொடையில் நீலத் திட்டுகள். கண்ணாடி சுமப்பவருக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டிருந்தோம்.

மருத்துவர் சில்லைத் தேடவில்லை, ரத்தம் எடுத்தார். அறிக்கை என் கைக்கு வந்தது. வீட்டில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தானே.

"வெள்ளணு நிறைய இருக்காமே, நல்லதுதானடா?" என்றாள் அம்மா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வணிகவியல் படித்தவனுக்கு, கூடினால் லாபம்.

மருத்துவர்தான் விளக்கினார். ரத்த அணுக்கள் உருவாவது எலும்பு மஜ்ஜையில். அங்கே முதிராத வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகி இடத்தை அடைத்துவிட்டால், சிவப்பணுக்களும் ரத்தத்தை நிறுத்தும் தட்டணுக்களும் குறைந்துபோகும். நுண்ணோக்கியில் அந்த முதிராத அணுக்கள் தெரிந்தனவாம்.

"தீவிர ரத்தப் புற்றுநோயா இருக்கலாம். மஜ்ஜையை எடுத்துப் பாத்தாதான் உறுதியாகும். எந்த வகைன்னு தெரிஞ்சாதான் மருந்து. தள்ளிப்போடக் கூடாது."

இடுப்பெலும்பில் ஊசி என்றதும் மாமா கேட்டார்: "துளையா போடப்போறீங்க? கண்ணாடிக்கு நாங்க போடுற மாதிரி தண்ணி விட்டுக்கிட்டே போடுங்க டாக்டர், விரிசல் விடாது."

அம்மா சிரிக்கவில்லை. "வாய் மட்டும் குறையல. கண்ணாடி தர்றேன்னு எத்தனை வருஷமா ஏய்க்கிற? இன்னும் உடைஞ்ச கண்ணாடியிலதான் தலை வாருறேன்."

"வந்ததும் முதல் வேலை அதான்க்கா. ஆளுயரத்துக்கு."

புற்றுநோய் உறுதியாகிவிட்டது. மருந்து ஏறுகிறது, காய்ச்சலும் விடவில்லை. தொற்று வந்துவிடும் என்று எங்களை உள்ளே விடுவதில்லை. தொலைபேசி ஒலித்தால் மருத்துவமனை எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

கடையில் மாமாவோடு வேலை செய்பவர், "அந்தக் கண்ணாடியை நான் அறுத்துத் தரட்டுமாக்கா?" என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. கடன் அவனுது. அவனே வந்து குடுக்கட்டும்."