முல்லையாற்று நீச்சலும் கடல் அலையும்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போனோம். அருங்காட்சியகத்தில் தூத்துக்குடிக்காரச் சம்பந்தியம்மா இங்கிலீஷ் பலகைகளை வாசித்து விளக்க, பேத்தி அவர் கையை விடவே இல்லை. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். வயிறு எரிந்தது.

கடற்கரைக்கு வந்ததும், "முல்லையாத்துல எதிர்நீச்சல் போட்டவ நான். இங்கன பாரு ஆத்தா!" என்று பேத்தியைக் கூப்பிட்டு, கரையைப் பார்த்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். ஆறு ஒரு பக்கம்தான் இழுக்கும். கடலோ பின்னாலிருந்து அடித்து, திரும்பும்போது காலடி மணலையும் வாரிக்கொண்டு போனது. உருண்டுவிட்டேன். கொண்டையைப் பிடித்துக் கரையேற்றியது சம்பந்தியம்மாதான்.

"கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா நிப்பாக, மதினி?" என்றார். பேத்தி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போதெல்லாம் சம்பந்தியம்மா கையைப் பிடிக்காமல் நான் கடலில் இறங்குவதில்லை. எங்கள் ஊர் ஆற்றுக்கு வந்தால் அவர் என் கையைத்தான் பிடிக்க வேண்டும், பேத்தியின் கண் முன்னால்.